'இது கரெக்டா சார்?'

போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களின் வாட்ஸப்பைத் திறந்து பார்த்தால் ஒரே மாதிரியான செய்திகள்தான் கிடக்கும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், அதற்குக் கீழே 'இது கரெக்டா சார்?'. மேனேஜர் மெயிலில் வந்தது, கிரிக்கெட் வர்ணனையில் காதில் விழுந்தது, மாடல் பேப்பரில் மாட்டியது என்று எங்கிருந்தாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு டிக், இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. 'இதை யார் யாரிடம் சொன்னது?' என்று நான் திருப்பிக் கேட்டால் எரிச்சல் வந்துவிடும். 'அதெல்லாம் இருக்கட்டும் சார், கரெக்டா தப்பா?'

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு மாதிரியான இடங்களில் கேள்வியே அப்படித்தான் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். எங்குமே பிழை இல்லை என்றால் கடைசியாக 'நோ எரர்' என்று ஒரு விடை இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் பிள்ளைகளுக்குக் கை வராது. தப்பான விடைக்கு மார்க் வேறு குறையும். தப்பு எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்ற நினைப்போடு படிக்கிறவனுக்கு எந்த வாக்கியமும் யோக்கியமாகத் தெரியாது.

புது பேட்ச் வந்ததும் போர்டில் ஐந்து வாக்கியம் எழுதிப்போடுவது என் வழக்கம். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.' 'எவ்ரிஒன் ஷுட் பிரிங் தேர் ஹால் டிக்கெட்.' 'ஹூ இஸ் இட்? இட்ஸ் மீ.' 'இந்தியா ஆர் பேட்டிங் ஃபர்ஸ்ட்.' 'லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் த சேலரி.' எது தப்பு என்று கேட்டால், கொஞ்சம் கிராமர் படித்த பிள்ளைகள் நடுவில் இருக்கும் மூன்றையும் பிடிப்பார்கள். எவ்ரிஒன் சிங்குலர், தேர் ப்ளூரல். இஸ் வந்தால் 'இட் இஸ் ஐ' என்றுதான் வரவேண்டும். இந்தியா ஒரு நாடு, அதற்கு எப்படி ஆர்? முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் பெரும்பாலும் தப்பித்துவிடும். லண்டனிலோ நியூயார்க்கிலோ ஆபீசில் இருக்கும் ஒருவரிடம் இதே ஐந்தைக் கொடுத்தால் அப்படியே தலைகீழாக நடக்கும். முதலாவதும் கடைசியும் அவர் காதில் உறுத்தும். நடுவில் இருப்பவற்றை அவர் கவனிக்கக்கூட மாட்டார். 'இந்தியா ஆர்' மட்டும் அமெரிக்கக் காதுக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் உள்ள மனக்குறை இதுதான். நாம் ஆங்கில வாக்கியத்தை விதியை வைத்து அளக்கப் பழகியிருக்கிறோம், ஆனால் கையில் இருக்கும் விதிகளில் பாதி அந்த மொழியின் விதியே இல்லை. உண்மையான விதிகளோ பாடப்புத்தகத்தில் ஏறாமல் இருப்பதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

வாக்கியத்தின் கடைசியில் ப்ரிபோசிஷன் வரக்கூடாது என்பதை எடுத்துக்கொள்வோம். 'தட் இஸ் த ஹவுஸ் ஐ லிவ் இன்' தப்பு, 'இன் விச் ஐ லிவ்' என்று மாற்று என்று பள்ளிக்கூடத்தில் அடித்துத் திருத்தியிருப்பார்கள். இது எங்கிருந்து வந்தது என்று போனால் கவிஞர் ஜான் டிரைடன் வரை போகலாம். 1672ல் அவர், தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சன் 1611ல் எழுதிய நாடகத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, கடைசியில் ப்ரிபோசிஷன் தொங்குகிறது என்று குறை சொன்னார். தான் முன்பு எழுதியதிலும் அதே 'குற்றம்' இருப்பதாகச் சொல்லி, தன்னுடைய பழைய கட்டுரை ஒன்றை 1684ல் மறுபதிப்பு செய்தபோது அந்த மாதிரி இடங்களை மாற்றி எழுதினார். இதே டிரைடன் தன் நாடகம் ஒன்றின் சமர்ப்பண உரையில் ஒரு விஷயம் சொல்கிறார்: தான் எழுதிய ஆங்கிலம் மரபா பிழையா என்று சந்தேகம் வந்தால் அதை லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்த்துத்தான் தெளிவேன் என்று. ஆங்கிலக் கவிஞர், ஆங்கிலம் சரியா என்று பார்க்க லத்தீனிடம் போகிறார். நம் பிள்ளைகள் தமிழில் சொல்லிப் பார்த்து ஆங்கிலத்தைச் சோதிக்கிறார்கள் என்று இனி யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.

அப்புறம் 1762ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார், பின்னால் லண்டன் பிஷப் ஆனவர், ஒரு சின்ன இலக்கணப் புத்தகம் எழுதினார். கடைசியில் ப்ரிபோசிஷன் வருவதை அவர் தடை செய்ததாகத்தான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அவர் சொன்னது, பேச்சில் அது சகஜம், சாதாரண நடைக்குப் பொருந்தும், கம்பீரமான நடைக்கு மற்றது அழகு என்பதுதான். அதைச் சொல்லும் வாக்கியத்திலேயே அவர் ஒரு 'டு'வைக் கடைசியில் தொங்கவிட்டிருக்கிறார், வேண்டுமென்றே செய்த குறும்பாகத்தான் இருக்கும். பின்னால் வந்தவர்கள் நடையைப் பற்றிச் சொன்னதைக் கட்டளையாக்கிவிட்டார்கள்.

லெஸ், ஃபியூவர் கதையும் இதேதான். எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர்தான் போடவேண்டும், லெஸ் கூடாது என்கிறோமே, அது 1770ல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் சொந்த ரசனையாக, 'இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்' என்கிற தொனியில் சொன்னது. அதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு முன்பே, ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு லெஸ் வந்திருக்கிறது. ஆனாலும் பிரிட்டனில் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற சூப்பர் மார்க்கெட் பலகையைப் பார்த்துக் கொதித்தவர்கள் ஏராளம். 2008ல் டெஸ்கோ நிறுவனம் இந்த வம்பே வேண்டாம் என்று 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றிவிட்டது.

'எவ்ரிஒன்... தேர்' விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கவேண்டும், ஏனென்றால் இங்கே தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒருவரைக் குறிக்க 'தே' போடுவது ஏதோ இப்போது வந்த நாகரிகம் என்று நினைக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே அது எழுத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார், ஜேன் ஆஸ்டின் எழுதியிருக்கிறார். இடையில் இலக்கணக்காரர்கள் வந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் 'ஹி'தான் சரி என்றார்கள். 1850ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால் அதில் பெண்ணும் அடக்கம் என்று சட்டமே போட்டது. மக்கள் வாயில் 'தே' ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2019ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு அதை ஆய்வுக் கட்டுரைகளிலேயே எழுதலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'தே'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

பன்மை எப்படி ஒருமையாகும் என்று வகுப்பில் வாதம் செய்வார்கள். நான் கேட்பேன், 'தம்பி, இப்போ என்னை அவர்னு சொல்றியா, அவன்னு சொல்றியா?' அவர் என்பது இலக்கணப்படி பலர்பால். அவர் வந்தார் என்றால் பல பேர் வந்தார்கள் என்றுதான் பழைய கணக்கு. மரியாதைக்காக ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, பல பேருக்கு 'கள்' ஒட்டி அவர்கள் என்று தனியாக ஒன்று செய்துகொண்டோம். இதைத் தொல்காப்பியர் அப்போதே பார்த்திருக்கிறார். சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், 'ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி' என்று தொடங்கும் நூற்பா அதைப் பற்றியதுதான். வழக்கில் உயர்த்திச் சொல்வதற்காக வந்தது, ஆனால் 'இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல' என்று முடிக்கிறார். அதாவது, ஜனங்கள் இப்படிச் சொல்கிறார்கள், காரணம் இது, இலக்கண வழி இதுவல்ல. மூன்றையும் ஒரே மூச்சில் பதிவு செய்கிறார். யாரையும் திட்டவில்லை. சிவப்பு மையால் அடிக்கவும் இல்லை.

ஆங்கிலத்தில் 'யூ'வுக்கும் இதேதான் நடந்தது. அது முதலில் பன்மை, ஒருவருக்கு 'தௌ' என்று தனிச் சொல் இருந்தது. ஒருவரைப் போய் யூ என்று சொல்வது பொய், அகம்பாவம் என்று குவேக்கர் சமயத்தார் சண்டை போட்டார்கள். 1660ல் அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒருமை பன்மை வித்தியாசத்தை வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகமே போட்டார். இன்று 'யூ ஆர்' என்று ஒருவரிடம் சொல்லக் கூசுகிறவர் யாராவது உண்டா?

சரி, விதியை நம்பமுடியாது என்றால் காதை நம்பலாமா? அந்த மொழியில் பிறந்தவர் 'நல்லா இருக்கு' என்றால் சரி, 'ஒரு மாதிரி இருக்கு' என்றால் தப்பு. மொழியியலில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. 1957ல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி ஒரு வாக்கியம் கொடுத்தார்: 'கலர்லெஸ் கிரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃபியூரியஸ்லி.' நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றன. உளறல்தான். ஆனால் இலக்கணம் சுத்தம். அதே ஐந்து சொல்லைப் பின்னாலிருந்து முன்னால் படித்தால் அதுவும் உளறல், ஆனால் வாக்கியமே இல்லை. படிக்கும்போது ராகம் கூட மாறிவிடும், மளிகைச் சீட்டு வாசிப்பது போல ஆகிவிடும். அர்த்தம் வேறு, அமைப்பு வேறு என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது.

ஆனால் காதும் ஏமாறும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'மோர் பீப்பிள் ஹேவ் பீன் டு ரஷ்யா தேன் ஐ ஹேவ்.' ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டு 'ம், சரிதான்' என்று தலையாட்டுவார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். ரஷ்யா போன ஆட்களின் எண்ணிக்கையை எதோடு ஒப்பிடுகிறோம்? 'நான்' ஒரே ஆள், எனக்கு என்ன எண்ணிக்கை? நான் எத்தனை தடவை போனேன் என்பதா? வாக்கியத்தில் தடவையே இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 'த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்.' எல்லாரும் தப்பு என்பார்கள். ஆனால் 'களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது' என்ற பொருளில் அதில் ஒரு பிழையும் இல்லை. 'ரேஸ்ட்' என்பதை ஓடியது என்று எடுத்துக்கொண்டு போனவர்கள் கடைசிச் சொல்லில் முட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒரு டிக்கும் ஒரு பெருக்கல் குறியும் தாங்காது. 2002ல் ராட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து கேம்பிரிட்ஜ் வெளியீடாக 1,800 பக்கத்துக்கு மேல் ஓர் ஆங்கில இலக்கணம் கொண்டுவந்தார்கள். அதில் உதாரண வாக்கியங்களுக்கு முன்னால் போடும் குறிகளை நான் போர்டில் எழுதிக்காட்டுவதுண்டு. நட்சத்திரக் குறி போட்டால் இலக்கணமே இல்லை. ஹாஷ் குறி என்றால் அமைப்பு சரி, பொருள் அல்லது சந்தர்ப்பம் பொருந்தவில்லை. கேள்விக்குறி என்றால் சந்தேகம். சதவீதக் குறி என்றால் சில வட்டார ஆங்கிலத்தில் மட்டும் சரி. ஆச்சரியக்குறி என்றால் ஜனங்கள் பேசுகிறார்கள், ஆனால் பொது ஆங்கிலம் இல்லை. சாம்ஸ்கியின் வாக்கியத்துக்கு ஹாஷ். 'ஐ எய்ன்ட் காட் நோ மணி'க்கு ஆச்சரியக்குறி. அதை ஒரு நட்சத்திரம் போட்டு ஒதுக்க முடியாது, தெளிவான ஒழுங்கோடு கோடிக்கணக்கானவர்கள் பேசுவது.

கிரிக்கெட் வர்ணனையில் வரும் 'இந்தியா நீட் டுவெல்வ் ரன்ஸ்' சதவீதக் குறி ரகம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அணி, அரசு, குழு எல்லாம் உள்ளே இருக்கும் ஆட்களை நினைத்துப் பன்மையாகப் போகும். அமெரிக்காவில் ஒருமை. 'ஐ ஆல்ரெடி ஏட்', 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' சண்டையும் இந்த ரகம்தான். அட்லாண்டிக்கின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம்முடைய 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' எந்தக் குறி? நான் சதவீதக் குறிதான் போடுவேன். இந்தியா முழுக்க, தாய்மொழி எதுவானாலும், படித்தவர்களும் சொல்கிறார்கள். 'தமிழில் யோசித்து இங்கிலீஷில் பேசுவதால் வருகிற தப்பு' என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தமிழில் யாராவது 'எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று சொல்வோமா? இந்தத் தப்பு தமிழிலிருந்து வரவில்லை, ஆங்கில வகுப்பிலிருந்து வருகிறது. இப்போது நடப்பதற்கெல்லாம் 'இங்' போடு என்று முதல் பாடத்தில் சொல்லிவிடுகிறோம். உடைமை, அறிவு, விருப்பம் மாதிரி ஒரே நிலையில் நிற்பவற்றுக்குக் கிடையாது என்பதை அவசரமாக அப்புறம் சொல்கிறோம். அதற்குள் பழகிவிடுகிறது. போதாக்குறைக்கு 2003லிருந்து மெக்டொனால்ட்ஸ் 'ஐ'ம் லவ்வின் இட்' என்று உலகம் முழுக்கப் போட்டு வைத்திருக்கிறது. 'அவங்க மட்டும் போடலாமா சார்?' என்று யாராவது கேட்காத பேட்ச் இல்லை. விளம்பரக்காரர் தெரிந்தே மீறியிருக்கிறார், அந்த மீறலில்தான் ருசி. இன்டர்வியூவில் நீ மீறினால் தெரியாமல் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தமிழிலிருந்து நேராக வரும் தப்புகள் வேறு மாதிரி இருக்கும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று 'எஸ்' இல்லாமல் சொல்வது எங்கிருந்து வருகிறது? 'என் நண்பர்களில் ஒருவர்' என்று யாரும் பேசுவதில்லை. 'என் ஃப்ரெண்ட் ஒருத்தன்' என்போம். ரெண்டு புத்தகம், பத்து ரூபாய், நாலு ஆள் என்று எண் வந்துவிட்டால் பன்மை விகுதியே நமக்குத் தேவைப்படாது. அந்தக் காதுக்கு 'எஸ்' ஓர் ஆடம்பரம். இதற்குத் தயங்காமல் நட்சத்திரம் போடலாம்.

சின்ஸ், ஃபார் இன்னும் சுவாரசியம். 'ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்' என்பதில் இரண்டு தப்பு. வாத்தியார்கள் பொதுவாக சின்ஸை மட்டும் திருத்துவார்கள். அது தமிழ் பேசுகிறவனுக்குச் சுலபமான பகுதி, ஏனென்றால் நமக்கே அந்த வித்தியாசம் உண்டு: ரெண்டு மணியிலிருந்து, ரெண்டு மணி நேரமா. 'இருந்து' வந்தால் சின்ஸ், 'ஆ' என்று இழுத்தால் ஃபார். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். கஷ்டம் வெர்பில் இருக்கிறது. 'ரெண்டு மணி நேரமா நிக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம்தான் வரும், இப்போதும் நின்றுகொண்டுதானே இருக்கிறோம். ஆங்கிலம் அங்கே 'ஹேவ் பீன் வெயிட்டிங்' கேட்கிறது. அந்த 'ஹேவ் பீன்' என்ன வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை, அதனால் விட்டுவிடுகிறோம்.

'டிஸ்கஸ் அபௌட்' மாணவர்களுக்குத் தப்பாகவே தெரியாது, அதில் நியாயமும் இருக்கிறது. டாக் அபௌட் சரி, டிஸ்கஷன் அபௌட் சரி, டிஸ்கஸ் அபௌட் மட்டும் ஏன் கூடாது? காரணம் கிடையாது. டிஸ்கஸ் என்ற வெர்புக்கு அடுத்து நேராகச் செயப்படுபொருள் வரவேண்டும் என்பது அந்தச் சொல்லின் பழக்கம், அவ்வளவே. நான் முன்பு சொன்ன, பாடப்புத்தகத்தில் ஏறாத உண்மையான விதி இதுதான். ஒவ்வொரு வெர்பும் தனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறது, மொத்தமாகக் கற்றுக்கொள்ளக் குறுக்குவழி இல்லை. எக்ஸ்ப்ளெயின் மீ வராது, டெல் மீ வரும். அரைவ் டு வராது, கோ டு வரும்.

இந்திய ஆங்கிலத்தை ஒரு தனி ஆங்கிலமாகவே மதிக்கவேண்டும் என்று மொழியியலாளர் பிரஜ் கச்ருவும், கற்பிக்க ஒரு பொதுத் தரம் வேண்டும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ராண்டல்ப் குவர்க்கும் 1990ஐ ஒட்டிப் பெரிய விவாதம் நடத்தினார்கள். கருத்தளவில் நான் கச்ரு பக்கம். ஆனால் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேலை வேண்டும். அதனால் இரண்டு விடை வைத்திருக்கிறேன். பழைய பாணியில் கேள்வி எடுக்கிறவர் 'எவ்ரிஒன்... தேர்' கொடுத்தால் பிழை என்று குறித்துவிட்டு வா. வேலை கிடைத்தபின் மெயிலில் தாராளமாக எழுது. 'ஐ ஆம் ஹேவிங்', 'டிஸ்கஸ் அபௌட்' இரண்டையும் பரீட்சையிலும் தவிர்த்துவிடு, மெயிலிலும் தவிர்த்துவிடு. வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இது கொஞ்சம் இரட்டை வேடம்தான். தேர்வு நடத்துகிறவர்கள் அந்தப் பழைய கேள்விகளை விட்டொழிக்கும் வரை வேறு வழி தெரியவில்லை.

இப்போதெல்லாம் என்னிடம் வருவதற்கு முன்பே ஏஐயிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். 'இதைத் திருத்து' என்று கொடுத்தால் அது எதையாவது திருத்திவிடும், பிழையே இல்லாத வாக்கியத்தைக் கூட இஸ்திரி போட்டுத் தந்துவிடும். மாறியிருப்பதால் முதலில் இருந்தது தப்பு என்று பிள்ளைகள் முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அதைவிட, மனிதர்கள் நிஜமாக எழுதியதைத் தேடிப் பார்ப்பது நல்லது. கோகா என்று சுருக்கமாகச் சொல்லும் அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு இணையத்திலேயே கிடைக்கிறது. பேச்சு, பத்திரிகை, கதை, ஆய்வு எல்லாம் சேர்த்து நூறு கோடிச் சொற்களுக்கு மேல். பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு பத்துக் கோடிச் சொல்லில் இன்னொரு தொகுப்பு இருக்கிறது.

அதிலும் ஒரு பொறி உண்டு. 'டிஸ்கஸ் அபௌட்' என்று அடித்துத் தேடி, நாலு வரி கிடைத்ததும் 'பாருங்க சார், அமெரிக்காக்காரனே எழுதியிருக்கான்' என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். வரியை முழுதாகப் படித்தால் 'தேர் இஸ் மச் டு டிஸ்கஸ் அபௌட் த பட்ஜெட்' என்கிற மாதிரி இருக்கும். அங்கே 'அபௌட்' ஒட்டியிருப்பது டிஸ்கஸோடு இல்லை, முன்னால் இருக்கும் 'மச்'சோடு. பட்ஜெட்டைப் பற்றிய நிறைய விஷயம், அவற்றை விவாதிக்கவேண்டும். அந்த வாக்கியம் கரெக்ட்.